தணிப்பியின் பிஸ்டன் வால்வுக்கு ‘மடையிதழ்’: என் பழைய சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் வாகனத் தொழில்நுட்ப வகுப்புக்கான தமிழ்க் கைப்பிரதியில், தணிப்பியில், அதாவது வண்டியின் குலுக்கலைத் தணிக்கும் ‘ஷாக் அப்சார்பரில்’, உள்ள ‘பிஸ்டன் வால்வு’ என்பதை ‘ஆடுதண்டு ஓரதர்’ (பிஸ்டனுக்கு ஆடுதண்டு, வால்வுக்கு ஓரதர்) என்று எழுதியிருந்தேன். அந்தப் பகுதியை இங்கே பகிர்ந்தபின் வந்த மறுமொழிகளில், ‘வால்வு’ எல்லார் நாவிலும் இருக்கையில் புதுச்சொல் எதற்கு என்று கோலாலம்பூர் ஐயா அவர்கள் கேட்டிருந்தார்கள். கோவை அம்மையார் ‘உந்துருளைத் தடுக்கிதழ்’ என்ற சொல்லைத் தந்திருந்தார்கள். ‘ஓரதர்’ இணையத்தில் நிலைபெற்றுவிட்டது, அதை மாற்ற வேண்டாம் என்று ஈப்போத் தம்பி எழுதியிருந்தார். மூவரும் சொன்னவற்றில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வகுப்பில் நடந்த இரண்டு நிகழ்வுகளுக்குப் பிறகு, என் சொல்லின் இரு பாதிகளுமே பிழை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறு, காரிலிருந்து கழற்றிய பழைய தணிப்பி ஒன்றின் வளி அழுத்தத்தை வெளியேற்றி, எண்ணெயை வடித்து, குழலை அறுத்துப் பாகங்களை மேசைமேல் பரப்பியிருந்தேன். ‘ஆடுதண்டின் விளிம்பில் தேய்மானம் இருக்கிறதா என்று பார்’ என்று ஒரு மாணவனிடம் சொன்னேன். அவன் குரோம் பூசிய நீண்ட தண்டை எடுத்து விளக்கொளியில் உருட்டி உருட்டிப் பார்த்தான். நான் பார்க்கச் சொன்னதோ அந்தத் தண்டின் நுனியில் மரை முடுக்கிப் பொருத்தியிருந்த வட்டமான பாகத்தை. அவன்மேல் குற்றமில்லை. தண்டு ஒன்று தனியே இருக்கும் கருவியில், தண்டல்லாத பாகத்துக்குத் ‘தண்டு’ என்று பெயர் வைத்தது என் பிழை. கோவை அம்மையாரின் ‘உந்துருளை’க்கும் இதே இடர் உண்டு. உருளை என்றதும் கை வெளிக்குழலுக்குத்தான் போகும். மேலும், இந்தப் பாகம் எதையும் உந்துவதில்லை. சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தால் அதுதான் எண்ணெய்க்குள் இழுபடுகிறது, தள்ளப்படுகிறது. அதன் வடிவமோ எஞ்சின் பிஸ்டனைப்போல் உயர்ந்த கிண்ணமன்று. துளைகளுடைய தடித்த வட்டு. ஆகவே தணிப்பியில் வரும் பிஸ்டனுக்கு ‘ஆடுவட்டு’ என்பதை வைக்கலாம் என்று எண்ணுகிறேன். எஞ்சின் பிஸ்டனைப் பற்றி இப்போது நான் எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்கே ஒரு மாணவி கேட்ட கேள்வி இன்னும் ஆழமானது. “சார், ஓரதர்னா ஒரு வழிதானே? அப்படின்னா திரும்பி வர்ற எண்ணெய் எந்த வழியா போகும்?” என்றாள். அதர் என்றால் வழி. சங்கப் பாடல்களில் பயிலும் சொல். ஓரதர் என்ற ஆக்கம் ஒருவழிப் பாதை என்ற பொருளைத் தன் உடம்பிலேயே சுமந்து நிற்கிறது. அந்தப் பொருளை அவள் சரியாகப் பிரித்துக்கொண்டாள். சொல் தெளிவாக இருந்ததால்தான் அது பொருந்தாத இடமும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவள் கேள்விக்கு விடை சொல்லக் கருவியின் உள்ளே போக வேண்டும். சாதாரணக் கார்களில் உள்ள இரட்டைக்குழல் தணிப்பியில் உட்குழல் நிறைய எண்ணெய் இருக்கும். இரு குழல்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் பாதி எண்ணெயும் மீதி வளியும் இருக்கும். சக்கரம் மேலேறும்போது தண்டு உள்ளே நுழைகிறது. நுழைந்த தண்டின் பருமன் அளவுக்கு எண்ணெய் வெளியேறியாக வேண்டும். அது உட்குழலின் அடியிலுள்ள வால்வின் வழியாக நெருக்கிப் பிழியப்பட்டு இடைவெளிக்குப் போகிறது. அதே வேளையில் ஆடுவட்டின் மேற்பக்கத்துக்கு எண்ணெய் போக வேண்டும். அதற்கு மெலிந்த சுருள்வில்லால் பிடிக்கப்பட்ட தகடு ஒன்று ஏறக்குறையத் தடையின்றித் திறந்துவிடுகிறது. சக்கரம் கீழிறங்கித் தண்டு வெளியே வரும்போது எல்லாம் தலைகீழாகிறது. ஆடுவட்டின் கடினமான தகடுகளை வளைத்துக்கொண்டுதான் எண்ணெய் மேலிருந்து கீழே வர முடியும். அடியிலோ இன்னொரு மெல்லிய தகடு எளிதில் எழும்பி, வெளியேறிய எண்ணெயைத் திரும்ப உள்ளே விடுகிறது.

ஆக, ஆடுவட்டில் இரண்டு, அடியில் இரண்டு என்று நான்கு வால்வுகள் இருக்கின்றன. இவற்றில் இரண்டு மட்டுமே உண்மையான ஓரதர்கள். ஒரு திசையில் எளிதாக விடுவதும் மறுதிசையில் அடைப்பதுமே அவற்றின் வேலை. மற்ற இரண்டின் வேலை விடுவதுமன்று, அடைப்பதுமன்று. போகும் எண்ணெயிடம் அதன் வேகத்துக்கேற்ற விலையை வாங்கிக்கொண்டு விடுவது அவற்றின் வேலை. அந்த விலைதான் வெப்பமாகி, குழலின் சுவர் வழியே காற்றில் கலக்கிறது. சாலைக் குழியின் அடியை வாங்குவது வண்டியைத் தாங்கும் பெரிய சுருள்வில். அதன்பின் வண்டி துள்ளிக்கொண்டே இராமல் செய்வது இந்த இரண்டு வால்வுகள். இவற்றையும் ‘ஓரதர்’ என்று அழைத்தால் கருவியின் உயிர்நாடி எது, துணை எது என்பதே மறைந்துபோகும்.

இந்த நாட்டில் வாழும் நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மலாய்மொழியில் வால்வுக்கு ‘இஞ்சாப்’ என்று பெயர். நம் பிள்ளைகள் தொழிற்பள்ளிகளில் படிக்கும் சொல் அது. மீன்பிடிக்கும் ‘பூபு’ எனப்படும் கூண்டின் வாயில், உள்நோக்கிக் குவிந்த மூங்கில் சிம்புகளைக் கட்டியிருப்பார்கள். மீன் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. அந்தச் சிம்புகளின் பெயரே இஞ்சாப். மலாய்க்காரர்கள் தங்கள் ஆற்றங்கரையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். அதுவும் ஒருவழிப் பொருளுடைய சொல்தான்; ஆனால் எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நம் முன்னோர் நீரை ஆண்ட இடம் ஏரி. அங்கே தேடினேன்.

ஏரிப்பாசனத்தில் நம்மிடம் ஒரு சொல்லன்று, ஒரு குடும்பமே இருக்கிறது. கரைக்குள் புதைந்து நீரைக் கொண்டுசெல்லும் கற்குழாய் தூம்பு. கதவிட்டு அடைக்கவும் திறக்கவும் கூடியது மதகு. ஏரி நிறைந்து அளவை மீறியபின் தானாகவே நீரை வழியவிடுவது கலிங்கு. வாய்க்காலிலிருந்து வயலுக்கு, வேண்டிய அளவுக்கு மண்ணை வெட்டித் திறந்து, வேண்டியபோது குறுக்கி விடுவது மடை. ஆடுவட்டில் உள்ள துளை, தூம்பு. அதன்மேல் அமர்ந்த தகடு, ஓர் அளவு அழுத்தம் வரும்வரை எழும்பாமல் இருந்து, அழுத்தம் கூடக் கூட மேலும் மேலும் திறப்பதால் கலிங்கின் இயல்பும் மடையின் இயல்பும் சேர்ந்தது. ‘கலிங்கு’ மிகத் துல்லியமான உவமை என்றாலும், பினாங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை அதைக் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. ‘மடை திறந்த வெள்ளம்போல்’ என்பதையோ இங்குள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி மாணவரும் மேடைப்பேச்சில் கேட்டிருப்பார். எனவே மடையைத் தேர்ந்தேன்.

‘இதழ்’ என்பதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. வளைந்து வழிவிடும் தகடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். சுருள்வில் எஃகால் செய்த, நடுவில் துளையுள்ள வட்டத் தகடுகள், ஒவ்வொன்றும் 0.10, 0.15, 0.20 மில்லிமீட்டர் என்ற தடிப்பில் இருக்கும். இரண்டு தகடுகள் எண்ணெயால் ஒட்டிக்கொண்டால் விரல்நுனிக்கு ஒன்றாகவே தோன்றும். நகத்தை விளிம்பில் ஓட்டினால்தான் படி தட்டுப்படும். நடுவை இறுக்கிவிட்டால் வெளிவிளிம்பு மட்டும் பூவிதழ்போல் மேல்நோக்கி வளையும். வளைவுக்கு அவை காட்டும் விறைப்பு, தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 0.10 மில்லிமீட்டர்த் தகட்டைவிட 0.20 மில்லிமீட்டர்த் தகடு எட்டு மடங்கு விறைப்பானது. தகடுகளுக்கிடையே உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஒரு தடித்த தகட்டின் விறைப்பைப் பெற எட்டு மெல்லிய தகடுகளை அடுக்க வேண்டும். வடிவமைப்பாளரின் கைத்திறன் முழுதும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. கீழே அகன்றவை, மேலே போகப் போகச் சிறுத்தவை என்று கூம்பாக அடுக்கி, எந்த வேகத்தில் எவ்வளவு தடை என்பதை அவர் வரைகிறார். வெறும் துளையாக மட்டும் இருந்தால் வேகம் இரட்டித்தபோது தடை நான்கு மடங்காகும். பெருங்குழியில் வண்டி கல்லாக இறுகிவிடும். இதழ் வளைந்து கொடுப்பதால் அந்த ஏற்றம் மட்டுப்படுகிறது. இதை ‘இதழடுக்கு’ என்று சொன்னால் விளக்கமே வேண்டியதில்லை. இதயத்தின் ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்று உயிரியல் பாடநூல்கள் இதே சொல்லை இதே பொருளில் ஆள்கின்றன.

கோவை அம்மையாரின் ‘தடுக்கிதழி’லும் இதழ் இருப்பதைக் கவனித்தேன், நாங்கள் இருவரும் ஒரே பாகத்தைப் பார்த்திருக்கிறோம் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் ‘தடுக்கி’ என்பது நிறுத்துவதைச் சொல்கிறது. இந்த இதழ் நிறுத்துவதில்லை. மடையிதழ் என்னும்போது திறப்பும் தடையும் ஒருங்கே வருகின்றன. கோலாலம்பூர் ஐயா அவர்களுக்குப் பணிவுடன் சொல்கிறேன்: ‘வால்வு’ என்பதை நான் விலக்கவில்லை. அது பொதுச்சொல்லாக இருக்கட்டும். சைக்கிள் டியூபுக்கும் சமையல் எரிவாயுத் தோம்புக்கும் வால்வே போதும். அதன்கீழ், பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஓரதர், மடையிதழ் என்ற இரண்டும் நிற்கட்டும். அப்படி வைத்தால் ஈப்போத் தம்பியின் சொல்லும் தன் சரியான இடத்தில் உறுதியாகிறது. ஆடுவட்டு மடையிதழ், ஆடுவட்டு ஓரதர், அடி மடையிதழ், அடி ஓரதர் என்று நான்கையும் குழப்பமின்றி எழுதலாம். பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். ‘மடையிதழ் வளைஞ்சிருக்கு’, ‘மடையிதழ மாத்திப் போடு’ என்று வாய்க்கு இடறாமல் வருகிறது.

செய்முறைப் பகுதியைப் பற்றி ஒரு திருத்தம். ஆடுவட்டு ‘வார்க்கப்படுகிறது’ என்று கைப்பிரதியில் இருந்ததை எடுத்துவிட்டேன். இன்றைய கார்த் தணிப்பிகளில் பெரும்பாலான ஆடுவட்டுகள் இரும்புத்தூளை அச்சில் இட்டு அழுத்தி, ஏறத்தாழ 1,120 பாகை செல்சியசில், இரும்பு உருகாதபடி சுட்டு, துகள்களை ஒன்றோடொன்று பிணையச் செய்து ஆக்கப்படுகின்றன. உருக்காததை வார்ப்பு என்பது தவறு. ‘சுட்டிணைத்தல்’ என்று எழுதியிருக்கிறேன். வட்டமல்லாத வடிவமுள்ள துளைகளையும் இதழ் அமரும் உயர்ந்த விளிம்புகளையும் கடைசல் இல்லாமலேயே அச்சில் பெறலாம் என்பதால்தான் இந்த முறை. சுட்டிணைத்த இரும்பில் நுண்துளைகள் மிச்சமிருக்கும். நீராவியில் சூடேற்றினால் கருநீல இரும்பு ஆக்சைடு படிந்து அவை அடைபடும், மேற்பரப்பும் கடினமாகும்.

இனி நான் உங்கள் உதவியை நாடும் சொல். இதழ் எழும்புவதற்கு முன்பே, மிகக் குறைந்த வேகத்தில் எண்ணெய் போவதற்கென்று, விளிம்பில் ஒரு சிறு பள்ளமோ கீழ் இதழில் ஒரு சிறு வெட்டோ விட்டுவைப்பார்கள். மேட்டில் வண்டி மெல்ல ஏறும்போதும், வளைவில் சாயும்போதும் நமக்குத் தெரியும் உணர்வை முடிவுசெய்வது அது. கைப்பிரதியில் இதைக் ‘கசிவு’ என்று எழுதியிருந்தேன். அது கூடாது என்பதற்கு என் பணிக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த்தை அடுத்த பிறை (Prai) என்ற ஊரில் ஓர் ஆலையின் சோதனை மேடையில் இருந்தேன். ஒரு தொகுதித் தணிப்பிகள் நொடிக்கு 0.05 மீட்டர் வேகத்தில் போதிய தடை காட்டவில்லை, 0.3 மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தன. அதாவது இதழ் மூடியிருக்க வேண்டிய நிலையில் எண்ணெய் எங்கோ கூடுதலாகப் போகிறது. அடுத்த வேளைக்கு வந்த நம் ஆட்களிடம் ‘உள்ளே கசியுது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். கசிவு என்றால் பட்டறையில் ஒரே பொருள்தான்: எண்ணெய்முத்திரை (ஆயில் சீல்) போய்விட்டது, தண்டோரமாக எண்ணெய் வெளியே வருகிறது. அவர்கள் இரவெல்லாம் முத்திரைகளைக் கழற்றிக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். காலையில் ஓர் ஆடுவட்டை எடுத்து விளிம்பின்மேல் விரலை ஓட்டினேன். மயிரிழை அளவுக்கு ஒரு பிசிர் குத்தியது. அளவு திருத்தும் அச்சிலிருந்து வந்த பிசிர். அதன்மேல் அமர்ந்த இதழ் முழுதாக மூடாமல் நின்றிருக்கிறது. அன்றிரவு வீணான உழைப்புக்கு என் சொல்லே காரணம்.

ஆகவே வேண்டுமென்றே விட்ட வழிக்கும், பழுதால் ஏற்பட்ட ஒழுக்குக்கும் ஒரே சொல் ஆகாது. ‘கசிவு’ பழுதுக்கே இருக்கட்டும். எப்போதும் திறந்திருக்கும் அந்தச் சிறுவழிக்கு, கால்வாய் என்ற பொருளில் ‘கால்’ என்பதை வைத்து, ‘ஊறுகால்’ அல்லது ‘சிறுகால்’ என்று இரண்டை எழுதிப் பார்த்தேன். மெல்ல ஊறிச் செல்வதை முதற்சொல் காட்டுகிறது. ஆனால் ‘ஊறு’ என்பதற்குக் கேடு என்ற பொருளும் உண்டு என்பது உறுத்துகிறது. இரண்டாவது எளியது, ஆயினும் எப்போதும் திறந்திருப்பதை அது சொல்லவில்லை. பாசனச் சொற்களோடு நேரடிப் பழக்கமுள்ள தமிழக நண்பர்கள், மடையை அடைத்தபின்னும் வயலுக்குச் சிறிதாகப் போய்க்கொண்டிருக்கும்படி விடும் நீர்வழிக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர் ஏதேனும் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வரும் சனிக்கிழமை இரவு கைப்பிரதியை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதுவரை அந்த இடத்தை வெற்றிடமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து