மறு: மறு: 'ஸ்பெக் ஒர்க்' தமிழில் என்ன?

வணக்கம். வரைகலை டிப்ளமோ மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தொழில்நெறிப் பாடத்தில் 'ஸ்பெக் ஒர்க்' வருகிறது. ஆர்டர் கிடைக்குமா என்றே தெரியாமல், காசும் பேசாமல், முழு டிசைனையும் செய்து காட்டுவது. 'ஊகப்பணி' என்று போட்டிருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

> ஊகப்பணி

வேண்டாம் அக்கா. ஊகத்தைப் பங்குச் சந்தைக்குக் கொடுத்துவிட்டோம். ஊக வணிகத்தில் பணம் போடுகிறவனுக்கே லாபம். இங்கே உழைப்பு ஒருவருடையது, பலன் இன்னொருவருக்கு. 'வெட்டிப்பணி' என்பதே சரி. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லா உழைப்பு, அமஞ்சியும் அதே இனம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் வடமொழி விஷ்டியிலிருந்து வந்தது என்பார்கள், நான் ஏற்கவில்லை. ஏரி வெட்டு, கால்வாய் வெட்டு என்று ஊரார் செய்த வேலையிலிருந்தே பிறந்திருக்க வேண்டும்.

> வெட்டிப்பணி

வகுப்பில் இதைச் சொன்னால் சும்மா சுற்றுவது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். தவிர, வெட்டியில் கட்டாயம் உண்டு, இதில் ஆசைகாட்டல். 'பரிசில்பணி' எனலாமே? புலவர் பாடிய பிறகுதான் மன்னன் கொடுப்பான். தாமதித்தால் கேட்பதற்குப் பரிசில் கடாநிலை என்று புறப்பாடல்களில் ஒரு துறையே (பாடல் வகையே) இருக்கிறது.

> பரிசில்பணி

ஐயா, புறநானூறு 208-ஐ மறக்கலாமா? அதியமான் நேரில் பார்க்காமல் கொடுத்தனுப்பிய பொருளைப் புலவர் பெருஞ்சித்திரனார் வாங்கவில்லை. 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்றார். அங்கே பொருள் வந்தது, மதிப்புதான் வரவில்லை. எங்களுக்கு இரண்டும் வருவதில்லை. நான் டிசைன் போட்டுப் பிழைப்பவன். 'ரெண்டு மூணு மாடல் அனுப்புங்க தம்பி, பிடிச்சா பேசிக்கலாம்' என்றார் ஒருவர். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பிடிக்கவில்லை என்றார். கொஞ்ச நாளில் அதே லோகோ, நிறம் மட்டும் மாறி, அவர் கடைப் பலகையில் இருந்தது. படத்தைக் காட்டி வேறு டிடிபி சென்டரில் வரைய வைத்திருக்கிறார். இந்த வேலையை மாணவர்கள் செய்யவே கூடாது. மாதிரி கேட்டால் பழைய வேலைகளைக் காட்டட்டும், புதிதாக வேண்டுமென்றால் முன்பணம் கேட்கட்டும்.

போட்டிகளும் இதில் சேருமா என்பதையும் பேச வேண்டும். 2010-இல் மத்திய அரசின் போட்டியில் உதயகுமாரின் ரூபாய்க் குறியீடு தேர்வானது, பரிசு இரண்டரை லட்சம். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் இறுதிக்கு வந்த ஐவரைத் தாண்டி, வரைந்து அனுப்பிய மற்ற எல்லோருடைய உழைப்புக்கும் ஒன்றுமில்லை. அதனால் சொல்லிலேயே கூலி இருக்கட்டும்: 'பேசாக்கூலி'.

> பேசாக்கூலி

'பேசாத' என்பது 'பேசா' ஆன ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், நடுவில் 'க்' மிகுந்தது சரி. ஆனால் கூலி ஆளையும் குறிக்குமே, வாய் திறக்காத தொழிலாளி என்றாகிவிடும். 'கூலி பேசா வேலை' என்று பிரித்தே எழுதுங்கள்.

நாலு பேர் 'கூலி பேசா வேலை'க்குச் சரி என்கிறார்கள். கலைச்சொல் போலவே இல்லை, விளக்கம் போல இருக்கிறது என்று புலவர் ஐயா தனிமடல் போட்டிருக்கிறார். நேரமில்லை, 'கூலி பேசா வேலை' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். போட்டிகளையும் அதற்குள் சேர்த்திருக்கிறேன்.

சேர்த்தது நல்லது அக்கா. ஆனால் கல்வெட்டில் ஆதாரமுள்ள சொல்லை விட்டுவிட்டீர்கள். அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது வெட்டி வர வேண்டும்.