சாரிசார்ட் கார்டு, 15,000க்குக் கொடுக்கலாமா? (அவசரம்)

கடல்முகம்98:
அலுமாரி ஒதுக்கும்போது அண்ணாவின் பழைய போகிமான் (கார்ட்டூன்) விளையாட்டுக் கார்டுகள் ஒரு கட்டு கிடைத்தது. அதில் சாரிசார்ட் என்ற பாத்திரத்தின் கார்டும் இருக்கிறது. கொழும்பில் ஒருவர் 15,000 ரூபா தருகிறாராம், நாளை காலைக்குள் பதில் வேண்டுமாம். நல்ல கண்டிஷன், கொஞ்சம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். கொடுக்கலாமா?

நிலாவெளியான்:
எந்த சாரிசார்ட்? கீழே வலது மூலையில் ஒரு எண் இருக்கும், அதைச் சொல்லுங்கள். 4/102 என்றால் 1999இல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுதி. 4/130 என்றால் 2000இல் வந்த மறுபதிப்பு. 11/108 என்றால் 2016, ஓவியம் மட்டும் பழையது. விலை மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும். முன்னும் பின்னும் படம் போடுங்கள்.

கார்டு_மாஸ்டர்:
"நல்ல கண்டிஷன்" என்றால் யாருக்கு என்ன விளங்கும் தம்பி? இதையெல்லாம் இங்கே எத்தனையோ தரம் எழுதியாச்சு, தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. கார்டுக்குப் பின்னால் டார்ச் பிடியுங்கள். வெளிச்சம் பளிச்சென்று வந்தால் போலி. முடிந்தது.

கிண்ணியாக்காரன்:
முடியவில்லை மாஸ்டர். வெறும் டார்ச்சை நம்பி நல்ல கார்டைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. அதே கட்டில் இருக்கும் சாதாரண கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். அதைவிட பூதக்கண்ணாடி நல்லது. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆனால் கறுப்பு எழுத்து திடமான கறுப்பாக இருக்க வேண்டும். எழுத்தும் புள்ளியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடல்முகம்98:
படம் ஏறவில்லை, சிக்னல் சரியில்லை. வளைவை நிமிர்த்த என்ன வழி? அயன் பண்ணலாம் என்கிறார் அம்மா.

முத்திரைப்பெட்டி:
அம்மா சொல்வது சரிதான். இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து இளஞ்சூட்டில் ஒரு இழுப்பு. என் தபால் முத்திரைகளுக்கு நான் அப்படித்தான் செய்வேன்.

நிலாவெளியான்:
ஐயா, முத்திரை வெறும் தாள். இதில் முன்பக்கம் பளபளப்புத் தகடு, பின்பக்கம் அட்டை. நம் ஊர் மாரியில் அட்டை ஈரத்தைக் குடித்து விரியும், தகடு விரியாது. அதனால்தான் முகம் மேலே இருக்க வைத்தால் ஓரங்கள் தூக்குகின்றன. சூடு காட்டினால் தகடு கிளம்பிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் வைத்தாலே பெரும்பாலும் படிந்துவிடும்.

முத்திரைப்பெட்டி:
ஜோர்ஜ் மன்னர் காலத்து முத்திரை இன்றும் என்னிடம் புதிதாக இருக்கிறது. பொம்மை அட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

கார்டு_மாஸ்டர்:
அந்தப் "பொம்மை அட்டை" ஒன்றின் விலைக்கு உங்கள் பெட்டியையே வாங்கலாம்.

முத்திரைப்பெட்டி:
பெட்டியைப் பார்க்காமலே விலை சொல்கிறீர்களே! கொழும்பில் அந்த ஆள் நீங்கள்தானோ?

கிண்ணியாக்காரன்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு நாளை காலைதான் கெடு. கடல்முகம், கார்டை யன்னல் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், நேரே பார்த்தால் தெரியாத கீறல் தகட்டில் தெரியும். பின்பக்க நீல ஓரம் தேய்ந்து வெள்ளை எட்டிப்பார்க்கிறதா என்று மூலை மூலையாகப் பாருங்கள். மடிப்பு இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. கண்ணுக்குப் படாத மடிப்பும் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் கோடாக விழும். மஞ்சள் கரையையும் அடிமட்டத்தால் அளவுங்கள். ஒருபக்கம் 3 மில்லிமீற்றர், மறுபக்கம் 2 என்றால் அது 60-40. பி.எஸ்.ஏ.யில் (கார்டுகளுக்குத் தரப் புள்ளி போடும் நிறுவனம்) உச்சப் புள்ளியான 10 வாங்க முன்பக்கம் 55-45க்குள் இருக்கவேண்டும். துணியால் மட்டும் துடைக்காதீர்கள்.

நிலாவெளியான்:
இன்னும் இரண்டு. ஓவியச் சட்டத்துக்குக் கீழே இடப்பக்கம் முதல் பதிப்பு என்று காட்டும் அச்சு முத்திரை இருக்கிறதா? சட்டத்தின் வலப்பக்கம் சாம்பல் நிழல் இருக்கிறதா? முத்திரை இல்லாமல் நிழலோடு இருப்பதுதான் அதிகம் அச்சானது. விலைக்கு ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். கேட்கும் விலையை யாரும் எப்படியும் போடலாம்.

கடல்முகம்98:
4/102. முத்திரை இல்லை, நிழல் இருக்கு. பின்னால் நாலு மூலையும் வெள்ளை. மடிப்பு இல்லை. கொழும்புக்காரரிடம் இப்போதைக்கு விற்பதாக இல்லை என்றேன், உடனே 40 என்கிறார்!

கிண்ணியாக்காரன்:
40,000க்கும் அவசரப்படாதீர்கள். அண்ணாவிடம் கேட்டீர்களா? கார்டு அவருடையது அல்லவா?

கார்டு_மாஸ்டர்:
டார்ச் பிடித்துப் பார்த்தீர்களா இல்லையா?