ரவிதாசன் யாருடைய ஆள்?

கல்வெட்டுப்பித்தன்:
"பத்திரிகைக்காரர் எழுதும் வரலாறு தொடர்கதைக்குத்தான் லாயக்கு" என்று கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலுக்கு மேலே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை கல்கியின் கற்பனையா? ராஜராஜன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொலையாளிகளின் பெயர்களே இருக்கின்றன ஐயா.

தெற்குவீதி:
எழுதியவன் நான்தான். பெயர் இருப்பதை யார் மறுத்தார்? ரவிதாசன் 'பஞ்சவன் பிரமாதிராஜன்', பரமேசுவரன் 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்' என்ற அரசு அதிகாரிப் பட்டங்களும் அங்கேயே இருக்கின்றன. அவற்றை ஏன் விழுங்கினீர்கள்? சோழ அதிகாரிகளை மந்திரவாதிகளாக்கி, நள்ளிரவில் திருப்புறம்பியம் பள்ளிப்படையில் (அரசர் சமாதிக் கோயிலில்) பாண்டியனுக்காகச் சபதம் செய்யவிட்டவர் உங்கள் கல்கி.

கல்வெட்டுப்பித்தன்:
பஞ்சவன் என்பது பாண்டியன் பெயர். பட்டத்தைப் பாண்டியன் கொடுத்திருக்கக் கூடாதா?

தெற்குவீதி:
கொடுக்கட்டும். இருமுடிச்சோழப் பட்டத்தை யார் கொடுத்தார்?

வாசகி:
நாவலை நாவலாகப் படியுங்களேன். கதையின் சதிகாரி நந்தினியே கற்பனைதான். ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கை வரை போய்ப் பார்த்து, 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் எழுதிய மனிதர் அவர். நீங்கள் எதை எழுதினீர்கள்?

தெற்குவீதி:
இலங்கைக்குப் போய்வந்தால் பரமேசுவரனின் பட்டம் அழிந்துவிடுமா அம்மா? இருமுடிச்சோழப் பட்டத்தை யார் கொடுத்தார்?

பழையஏடு:
பட்டம் கிடக்கட்டும். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில்தான் கொலைகாரர் தரப்பின் சொத்துப் பறிமுதல் பற்றிய ஆணையே வருகிறது. ராஜராஜனுக்கு முன்பு ஆண்ட உத்தம சோழர் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவரைத்தான் சந்தேகித்தார்.

கல்வெட்டுப்பித்தன்:
இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்துவிட்டார். அது துரோகிகளின் உறவினர் நிலம் பற்றிய ஆணை. அதற்கு முன்பு யாரும் தண்டிக்கப்படவில்லை என்று அதில் எங்கே இருக்கிறது? பாதி படித்துவிட்டுப் பேச வருகிறீர்கள்.

பழையஏடு:
பாதியா? பார்த்திபன் கனவு விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் ஓடியவர் இதைச் சொல்கிறார்.

கல்வெட்டுப்பித்தன்:
ஓடவில்லை. உங்கள் வசவுக்குப் பதில் எழுத மனம் வரவில்லை.

வாசகி:
இருவரும் தனியே போய்ச் சண்டை போடுங்கள்.

தெற்குவீதி:
போகட்டும். வாரக்கடைசியில் வாசகனைத் தவிக்க விட வேண்டும் என்பது பத்திரிகைப் பிழைப்பு. அதற்கு அரசு அதிகாரியைவிட மந்திரவாதி வசதி. என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை: இருமுடிச்சோழப் பட்டத்தை யார் கொடுத்தார்?

கல்வெட்டுப்பித்தன்:
சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

தெற்குவீதி:
மேலே இருப்பது பஞ்சவன். நான் கேட்பது இருமுடிச்சோழன்.