முக்கோணத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காவது ஏன்?

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மாந்தோப்பு விவசாயி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாந்தோப்பை ஒட்டி முக்கோண வடிவில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. பட்டாவில் அதன் பரப்பு 48 ஏர் என்று உள்ளது. 1:2000 அளவில் உள்ள புலப்படத்தை (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) பார்த்து, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்டிமீட்டர் கட்டமிட்ட வரைபடத்தாளில் (1, 1), (7, 1), (3, 5) என்ற புள்ளிகளைக் குறித்து அந்த முக்கோணத்தை வரைந்தாள். பரப்பு 12 சதுர சென்டிமீட்டர் வந்தது. படம் சிறியதாக இருப்பதாக எண்ணி, எல்லா எண்களையும் இரண்டால் பெருக்கி (2, 2), (14, 2), (6, 10) என்று மறுபடியும் வரைந்தபோது, 24 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 48 வந்தது. முக்கோணம் ஆதிப்புள்ளியை விட்டுத் தள்ளிப் போனதுதான் இதற்குக் காரணமா?

இதற்கிடையில் அதே புலப்படத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளிலிருந்து ஏ3 தாளுக்குப் பெரிதாக்கி வாங்கி அளந்து பார்த்தோம். அடிப்பக்கம் ஏறக்குறைய 8.5, உயரம் 5.7 சென்டிமீட்டர், ஆகப் பரப்பு சுமார் 24. மகள் பெரிதாக்கினால் நான்கு மடங்கும், கடையில் பெரிதாக்கினால் இரண்டு மடங்கும் வருவது எப்படி? ஒரு சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் என்று 12-ஐ 20-ஆல் பெருக்கினால் 240 சதுர மீட்டர்தான் கிடைக்கிறது. அது பட்டாவோடு சிறிதும் பொருந்தவில்லை.

பதில்: பாலக்கோட்டிலிருந்து ஒரு கணித ஆசிரியை

வணக்கம் ஐயா. தங்கள் மகள் வரைந்ததும் கணக்கிட்டதும் முற்றிலும் சரி. முதல் முக்கோணத்தின் அடிப்பக்கம் 6, உயரம் 4. இரண்டாவதில் அவை 12, 8. பரப்பு என்பது அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்குவது. இரண்டுமே இரட்டித்தால் பெருக்குத்தொகை நான்கு மடங்காவதைத் தவிர வேறு வழியில்லை.

அடிப்பக்கம் சாய்வாக உள்ள முக்கோணத்துக்கும் இது பொருந்துமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் படிக்கும் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு மூலையின் எக்ஸ் எண்ணை அடுத்த மூலையின் ஒய் எண்ணால் பெருக்கிக் கூட்டுவது முதல் கூட்டல், முந்தைய மூலையின் ஒய் எண்ணால் பெருக்கிக் கூட்டுவது இரண்டாவது. முதல் கூட்டலுக்கு 1×1 + 7×5 + 3×1 = 39, இரண்டாவதற்கு 7×1 + 3×1 + 1×5 = 15, வேறுபாடு 24, அதில் பாதி 12. இந்த ஆறு உறுப்புகளையும் தனித்தனியே கவனித்தால், ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ் ஆயத்தொலைவும் ஓர் ஒய் ஆயத்தொலைவும் சேர்ந்த பெருக்கலாக இருப்பது தெரியும். இரண்டையும் இரட்டித்தால் ஆறு உறுப்புகளும் நான்கு மடங்காகின்றன. 156, 60, வேறுபாடு 96, பாதி 48. முக்கோணம் எந்த வடிவில் இருந்தாலும் இது மாறாது. எக்ஸ் எண்களை மட்டும் இரட்டித்திருந்தால் தாங்கள் எதிர்பார்த்த 24 வந்திருக்கும், ஆனால் அது நிலத்தின் வடிவமாக இராது.

ஆதிப்புள்ளியிலிருந்து விலகியதற்கும் பரப்புக்கும் தொடர்பில்லை. (1, 1) என்ற மூலையை அசையாமல் நிறுத்திப் பெரிதாக்கினால் புள்ளிகள் (1, 1), (13, 1), (5, 9) என்று அமையும். பரப்பு அப்போதும் 48-தான்.

240 வந்த காரணமும் இதுவே. ஒரு சென்டிமீட்டர் 20 மீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் 20×20, அதாவது 400 சதுர மீட்டர். 12×400 = 4800 சதுர மீட்டர்; ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர் ஆகையால் 48 ஏர்.

பதில்: ஊத்தங்கரையிலிருந்து ஓய்வுபெற்ற நில அளவர்

அம்மா கூறியதோடு ஜெராக்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ3 தாளின் பரப்பு ஏ4 தாளின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு. நீளமும் அகலமும் ஏறக்குறைய 1.414 மடங்குதான். அதனால்தான் அந்த இயந்திரத்தில் 141 விழுக்காடு என்று காட்டுகிறது. 1.414-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 2. கடையில் இரட்டித்தது பரப்பு, தங்கள் மகள் இரட்டித்தது நீளம்.

பெரிதாக்கிய படியிலும் 1:2000 என்றே அச்சாகியிருக்கும். அந்தத் தாளுக்கு அது இனிப் பொருந்தாது. அதை நம்பிக் கணக்கிட்டால் நிலம் இருமடங்காகத் தெரியும். புலப்படத்தில் கோடுகளின் மேல் மீட்டர் அளவு எழுதியிருப்பதால், அவற்றில் ஒன்றை அடிக்கோலால் அளந்து ஒப்பிடுங்கள். 120 மீட்டர் என்று உள்ள பக்கம் படியில் 8.5 சென்டிமீட்டர் இருந்தால், சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 14.1 மீட்டர். வேறு திசையில் செல்லும் ஒரு கோட்டையும் அளப்பது அவசியம், ஏனெனில் தாளுக்குள் அடங்குவதற்காக ஒரு திசையில் மட்டும் படம் இழுபட்டிருக்கக்கூடும்.

கேட்டவர் மீண்டும்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்நிலத்தை என் தம்பியும் நானும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள இருக்கிறோம். 120 மீட்டர் அடிப்பக்கம் சாலையோரமாகவும், எதிர் மூலை அதிலிருந்து 80 மீட்டர் உள்ளேயும் இருக்கிறது. 40 மீட்டரில் சாலைக்கு இணையாக வரப்பு போட்டால் சரியாகுமா?

பதில்: ஆசிரியை

ஆகாது ஐயா. அப்படிப் பிரித்தால் உள்ளே அமையும் சிறிய முக்கோணம் முழு முக்கோணத்தைப் போல் நீளத்தில் பாதி, பரப்பில் கால் பங்கு. ஒருவருக்கு 12 ஏர், மற்றவருக்கு 36 ஏர். இணையாகத்தான் பிரிக்க வேண்டுமென்றால், பரப்பு பாதியாவதற்கு நீளம் 0.7071 மடங்காக வேண்டும் (0.7071-ஐ அதே எண்ணால் பெருக்கினால் ஏறக்குறைய 0.5). ஆகவே உள்மூலையிலிருந்து 80×0.7071, அதாவது ஏறக்குறைய 56.6 மீட்டர் தூரத்தில் வரப்பு அமைய வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவருக்குச் சாலை கிடைக்காமல் போகும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாலையோரத்தில் 60 மீட்டரில் ஒரு கல் நட்டு, அங்கிருந்து உள்மூலைக்கு நேர்க்கோடு இழுங்கள். வரைபடத்தாளில் அது (4, 1)-இலிருந்து (3, 5)-க்குச் செல்லும் கோடு; இருபுறமும் அடிப்பக்கம் 3, உயரம் 4, பரப்பு 6. நிலத்தில் ஆளுக்கு 24 ஏர் வரும், இருவருக்கும் 60 மீட்டர் சாலை முகப்பும் கிடைக்கும்.

பதில்: நில அளவர்

அதுவே நல்ல வழி. கல் நடுவதற்கு முன் முறைப்படி உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, அளவீடு முடிந்த பிறகு வரப்பு போடுங்கள்.