டபுள் கேப் பிக்கப்: பின் சீட்டுக்குப் பின்னால் 10 இன்ச் சப் (பாஸ் ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர்) இரண்டு. பெட்டி எந்த அளவில்?

கேபின்_பாஸ் கேட்டது:

பின் சீட்டின் சாய்வை மடக்கினால், அதற்கும் கேபின் பின்சுவருக்கும் நடுவே ஆப்பு வடிவில் இடம் இருக்கிறது. அகலம் 110 செ.மீ., உயரம் 40 செ.மீ. ஆழம் அடியில் 17 செ.மீ., மேலே 11 செ.மீ. இதற்குள் 10 இன்ச் ஷாலோ (ஆழம் குறைந்த) சப் இரண்டு வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் 300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் அளவு), டூயல் 2 ஓம் காயில் (2 ஓம் கம்பிச்சுருள் இரண்டு), மவுண்டிங் ஆழம் (பலகைக்குள் போகும் ஆழம்) 8.5 செ.மீ. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மோனோ, 2 ஓமில் 600 வாட்.

சீல்டு பெட்டியா (காற்றுப் புகாமல் மூடியது), போர்ட்டடா (காற்றுக் குழாய் வைத்தது)? 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை) தான் போட வேண்டுமா? சீட் மறுபடி பழையபடி பூட்ட வேண்டும், அதில் சமரசம் இல்லை.

மரப்பெட்டி எழுதியது:

சீல்டுதான். போர்ட்டட் பெட்டிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொள்ளளவு வேண்டும். அதோடு போர்ட் குழாய்க்கும் நீளம் வேண்டும், இந்த ஆழத்தில் அது அடங்காது. கேபினே கீழ் அலைவரிசைகளைத் தூக்கிக் கொடுக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். உள்நீளம் 2.5 மீட்டர் என்றால் ஏறத்தாழ 69 ஹெர்ட்ஸுக்குக் கீழே அழுத்தம் கூடத் தொடங்கும். சீல்டு பெட்டி ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபெல் வீதம் இறங்குகிற இடத்தில் கேபின் அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். கதவு இடுக்கு, வென்ட் வழியாகக் காற்று கசிவதால் முழுசாகக் கிடைக்காது, ஆனாலும் காதுக்கு நன்றாகவே தெரியும்.

ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். நீங்கள் சொன்ன 17, 11 என்பது சுவரிலிருந்து சீட் முதுகு வரை உள்ள மொத்த இடைவெளியா? அப்படியானால் பெட்டிக்கு அது முழுசாகக் கிடைக்காது. சப்பின் விளிம்பும் ரப்பர் சரவுண்டும் (கோனின் ஓர வளையம்) பலகையைவிட 1 செ.மீ.க்கு மேல் முன்னால் நிற்கும், பாஸ் அடிக்கும்போது கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) இன்னும் 1 செ.மீ. வெளியே வரும். ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் சீட் முதுகும் பின்னால் அமுங்கும். குறைந்தது 3 செ.மீ. விடுங்கள். இதை விடாமல் செய்த பெட்டியில் கோன் சீட் துணியில் தட்டும். "தட் தட்" என்று வரும் அந்தச் சத்தத்தைப் பலர் சப் கிழிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேபின்_பாஸ்:

மொத்த இடைவெளிதான். அப்படியானால் பெட்டியின் வெளி ஆழம் 14, 8 தானா?

மரப்பெட்டி:

ஆமாம். இங்கேதான் பலகையின் கனம் முக்கியமாகிறது. 18 மி.மீ. போட்டால் உள்ளே 106.4 × 36.4, சராசரி ஆழம் 7.4 செ.மீ., மொத்தம் 28.7 லிட்டர். 12 மி.மீ. பிர்ச் பிளைவுட் போட்டால் 107.6 × 37.6 × 8.6, அதாவது 34.8 லிட்டர். வெளி அளவு மாறாமல் 6 லிட்டர் கூடுதல். இரண்டு சப்பையும் பிரிக்கும் நடுத் தடுப்பு, தாங்கு கட்டைகள், சப்பின் சொந்தக் கன அளவு (ஷாலோ 10 இன்ச்சுக்குச் சுமார் 1 லிட்டர்) எல்லாம் கழித்தால் ஒரு சப்புக்கு ஏறத்தாழ 15.8 லிட்டர் மிஞ்சும். உங்கள் சப்பின் விவரத் தாளில் கியூ.டி.எஸ். (சப்பின் அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது என்பதன் எண்), வி.ஏ.எஸ். (சப்பின் மீள்தன்மைக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) பாருங்கள். உதாரணத்துக்கு 0.5, 20 லிட்டர் என்று இருந்தால் பெட்டியின் கியூ.டி.சி. (பெட்டியில் மாட்டியபின் வரும் அதே கட்டுப்பாட்டு எண்) 0.75 வரும். 0.7-க்கு இவ்வளவு நெருக்கமாக வந்தால் போதும். 0.9-ஐத் தாண்டினால் பாஸ் ஒரே ஸ்வரத்தில் உப்பிக் கேட்கும். அப்போது ஒரு சப்பின் அறைக்கு 250 கிராம் அளவில் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் அந்த எண் கொஞ்சம் இறங்கும். மேக்னட்டின் காற்றுத் துளை பக்கம் பஞ்சு போகாமல் வலைத்துணி கட்டுங்கள்.

சப்பைக் கூடியவரை கீழே இறக்கி வையுங்கள், ஆழம் அங்கேதான் அதிகம். மையம் அடியிலிருந்து 18 செ.மீ. என்றால் அந்த உயரத்தில் வெளி ஆழம் 11.3, பின்பலகை போக 10.1. சப் 8.5 எடுத்துக்கொண்டால் மேக்னட்டுக்குப் பின்னால் 1.6 செ.மீ. இருக்கும். மேக்னட்டின் முதுகில் துளை இல்லாத சப் என்றால் இது தாராளம். துளை இருந்தால் 2.5 செ.மீ. வேண்டும், காயில் சூடு வெளியேற அதுதான் வழி. வாங்கும் முன்பே சப்பைத் திருப்பிப் பாருங்கள்.

முன்பலகை 12 மி.மீ. மட்டும் என்றால் திருகுக்குப் பிடிப்பு போதாது. உள்பக்கத்தில் இன்னொரு 12 மி.மீ. வளையம் ஒட்டுங்கள், மவுண்டிங் ஆழம் அதனால் மாறாது. ஆனால் ஷாலோ சப்பின் கூடையில் (கோனைத் தாங்கும் சட்டத்தில்) உள்ள ஜன்னல்கள் விளிம்புக்கு மிக அருகில் இருக்கும், 24 மி.மீ. கனம் அவற்றை அடைத்துவிடும். வளையத்தின் உள்விளிம்பை ரௌட்டரால் 45 டிகிரியில் சீவிவிட்டால் கோனுக்குப் பின்னால் காற்று புழங்கும். இதைச் செய்யாத பெட்டிகள் கனமான பாஸில் மூச்சு முட்டுவதைக் கேட்கலாம்.

பலகை ஓரத்தில் நேராகத் திருகு ஏற்றினால் பிளக்கும். 4 மி.மீ. திருகுக்கு 3 மி.மீ. துளை முதலில் போடுங்கள். மூட்டெல்லாம் மரக்கோந்து, உள்மூலைகளில் இன்னொரு வரி. சிலிகான் போட்டால் புளித்த வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு நாள், சப்பை மாட்டாதீர்கள்.

நட்டுபோல்ட்டு எழுதியது:

12 மி.மீ. பற்றி எனக்குச் சின்ன மாற்றுக்கருத்து. பின்பலகை 110 செ.மீ. அகலம், நடுத் தடுப்பு ஒன்று மட்டும் என்றால் இரண்டு பாதியும் அதிரும். ஒவ்வொரு பாதியிலும் முன்பலகையையும் பின்பலகையையும் இணைக்கும் ஒரு கட்டை கட்டாயம் வேண்டும். சப் பக்கத்தில் 4 × 2 செ.மீ. ரீப்பர் துண்டு போதும். அது இருந்தால் 12-க்குச் சம்மதம்.

பெட்டியைச் செய்வதற்குமுன் பின்சுவரை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான பிக்கப்களில் அங்கே ரப்பர் மடல் வைத்த காற்று வென்ட் இருக்கும். கதவைச் சாத்தும்போது கேபின் காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான். பெட்டியோ அதிர்வைத் தடுக்கும் ஷீட்டோ அதை அடைத்தால் கதவை ஓங்கி அறைய வேண்டிவரும், ஏ.சி. காற்றும் மந்தமாகும். குழந்தை இருக்கையின் மேல்வார் கொக்கி, சீட் பெல்ட் சுருள், ஜாக்கி, சீட் பூட்டுக் கொக்கி நான்கையும் அட்டையில் செய்த மாதிரிப் பெட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரியை வைத்து சீட்டைப் பூட்டி, ஒருவரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிளைவுட்டை வெட்ட வேண்டும்.

சப்போடு சேர்ந்தால் பெட்டி 20 கிலோவுக்குக் குறையாது. சீட் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது, மோதலில் அந்த எடை முழுவதும் பின் சீட்டில் இருப்பவர்மேல் வரும். எம்8 போல்ட் நான்கு, பெரிய வாஷர், 3 மி.மீ. கனத்தில் எல் பட்டை. கம்பெனி விட்டிருக்கும் பிராக்கெட் துளைகளில் மாட்டுங்கள். பின்சுவர்த் தகட்டில் புதுத்துளை போடாதீர்கள், அதற்கு அந்தப்பக்கம் வெளி. மழைத்தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். சீட் பெல்ட் போல்ட்டில் கை வைக்கவே கூடாது, பட்டை மாட்டவும் எர்த் எடுக்கவும் அது இடமல்ல.

சீட் முதுகின் கொக்கிக்கு அடியில் வாஷர் அடுக்கி முன்னால் தள்ளி இடம் பண்ணுகிறவர்கள் உண்டு. சீட் தாங்க வேண்டிய பலம் அந்தக் கொக்கியில்தான். வேண்டாம்.

வயர்_கணக்கு எழுதியது:

வயரிங் சுருக்கமாக. ஒவ்வொரு சப்பின் இரண்டு காயிலையும் சீரியலில் போட்டால் 4 ஓம், இரண்டு சப்பையும் பேரலலில் போட்டால் 2 ஓம். ஆம்ப் முனையில் மீட்டர் வைத்தால் 1.6 முதல் 1.8 வரை காட்டும், அது சரிதான். எல்லாக் காயிலையும் பேரலல் செய்தால் 0.5 ஓம், ஆம்ப் தாங்காது.

600 வாட், திறன் 80 சதவீதம், 13.8 வோல்ட் என்றால் 54 ஆம்பியர். சுத்தச் செம்பு 4 கேஜ் வயர் போதும். செம்பு பூசிய அலுமினியம் என்றால் ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள். 80 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுத் தகடு) வயர் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) கட்டாயம்.

பிக்கப்பில் எர்த் தனி விஷயம். கேபின் ரப்பர் மவுண்ட்மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸோடு பட்டை வயரால்தான் இணைகிறது. ஆம்ப் எர்த்தைக் கேபின் தகட்டில், பெயின்ட் சுரண்டி, தனி போல்ட்டில் கொடுங்கள். பிறகு பாட்டை உரக்க வைத்து, ஆம்ப் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் பட்டை வயர் போதவில்லை, பேட்டரி நெகட்டிவிலிருந்து கேபினுக்கு இன்னொரு 4 கேஜ் இழுங்கள்.

ஆம்பின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவு) காதால் வைக்காதீர்கள். சப்பைக் கழற்றி, ஈக்வலைசரைச் சமப்படுத்தி, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஹெட் யூனிட் (டேஷ்போர்டு ஸ்டீரியோ) முக்கால் அளவில், ஆம்ப் வெளியீடு 34.6 வோல்ட் வரும்போது நிறுத்துங்கள். 600-ஐ 2-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண் அது. லோ பாஸ் (இதற்கு மேலான ஒலியை வெட்டும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ், சப்சானிக் (இதற்குக் கீழானதை வெட்டுவது) 25. ஷாலோ சப்புக்குக் கோன் ஓட்டம் குறைவு, அதனால் சப்சானிக்கை அணைக்காதீர்கள்.

கேபின்_பாஸ்:

நன்றி அண்ணன்மாரே. ஆம்பைப் பெட்டியின் தலையிலேயே திருகிவிடலாமா? கசிவு இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

மரப்பெட்டி:

ஆம்ப் வேண்டாம். அதிர்வில் உள்ளே சால்டர் விடும், அந்த இடுக்கில் சூடும் தேங்கும். முன் சீட்டுக்கு அடியில், சுற்றி 5 செ.மீ. காற்று விட்டு வையுங்கள்.

கசிவுக்கு: இரண்டு கையாலும் கோனை ஒரே சமமாக மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் சீல் சரி. சட்டென்று குதித்தால் எங்கோ ஓட்டை, பெரும்பாலும் டெர்மினல் கப்பின் (பெட்டியில் வயர் மாட்டும் கிண்ணம்) ஓரம்தான். 30 ஹெர்ட்ஸ் டோன் போட்டு மூட்டுகளில் ஈரக்கையை ஓட்டினால் காற்று படும் இடம் தெரியும். கடைசியாக, 1.5 வோல்ட் பேட்டரியின் பாசிடிவை ஒவ்வொரு சப்பின் பாசிடிவிலும் தொட்டுப் பாருங்கள், இரண்டு கோனும் வெளிப்பக்கம் நகர வேண்டும். ஒன்று உள்ளே போனால் அதில் வயர் மாறியிருக்கிறது. அப்படியே மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டு பாஸே இருக்காது.