கஞ்சா வழக்கு: 64ஏ-வா, 39-ஆ?

புதுவக்கீல்: கட்சிக்காரருக்கு 21 வயசு. 180 கிராம் கஞ்சா, குற்றப்பத்திரிகை வந்தாச்சு. விற்றதா குற்றச்சாட்டு இல்லை. சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கிறார். என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்துல, சிகிச்சை எடுத்தா வழக்கிலிருந்து விலக்கு தர்ற 64ஏ பிரிவுல மனு போடலாமா, இல்ல குற்றத்தை ஒப்புக்கிட்டு ஃபைன் கட்டி முடிச்சிடலாமா?

பார்ரூம்: ஃபைன் கட்டி முடிச்சா அது தண்டனைதான் சார். குற்றத்தை ஒப்புக்கிட்டாலே 64ஏ கதவு சாத்திரும். அப்புறம் மிச்சம், குற்றவாளின்னு தீர்ப்பானவரை உடனே ஜெயில் தண்டனை கொடுக்காம சிகிச்சைக்கு விடுற 39-ஆம் பிரிவு மட்டுந்தான்; ஃபைன் போட்டு முடிச்சிட்டா அதுக்கும் இடமில்லை. நாளைக்கு அதே அளவு தண்டனைக்குரிய இன்னொரு வழக்குல குற்றம் உறுதியானா, 31-ஆம் பிரிவுல சிறைத்தண்டனை அதிகபட்சத்துல ஒன்றரை மடங்கு வரை போகும். 64ஏ, சட்டம் சொல்ற 'சிறு அளவு' வழக்குகளுக்குத்தான்; கஞ்சாவுக்கு அது 1 கிலோ, அதனால இங்க பொருந்தும்.

ஆனா இந்தச் சலுகை போதைக்கு அடிமையானவருக்குத்தான், எப்பவாவது இழுப்பவருக்கு இல்லை. மனு அடிபடுறதே இங்கதான். சிறுநீர் ரிப்போர்ட்டை மட்டும் வச்சா, இழுத்தார்னு தெரியும். விட முடியாம தவிக்கிறார்னு தெரியாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல எத்தனை வருஷப் பழக்கம், நிறுத்தினா தூக்கம், பசி எப்படி மாறுது, முன்னாடி விடப் பார்த்தாரா, எல்லாம் எழுதின சான்று வாங்குங்க.

மறுவாழ்வு_பணி: சேர்க்கிற இடம் அரசு அல்லது உள்ளாட்சி நடத்துறதா, இல்ல அங்கீகரிச்சதா இருக்கணும். தெருமுனை 'ஹோம்' பில் எடுபடாது. 14446-க்குப் போன் போட்டா பக்கத்து மையம் சொல்வாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியோட நிறுத்தாம தொடர் ஓ.பி. சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்க. சிகிச்சையைப் பாதியில விட்டா 64ஏ-ல கிடைச்ச விலக்கை ரத்து பண்ணிடலாம், பழைய வழக்கு திரும்ப உயிர் பெறும்.

39-ல பாண்டு (உறுதிப்பத்திரம்) எழுதிக்கொடுத்து, ஓராண்டுக்குள்ள சிகிச்சை அறிக்கை வைக்கணும். திருப்தின்னா கண்டிச்சு விடுவாங்க, 3 ஆண்டு வரைக்கும் இன்னொரு பாண்டு.

கீழ்க்கோர்ட்டு: ஹெராயின் வழக்குன்னா கணக்கே வேற. சிறு அளவு வெறும் 5 கிராம். 2020-ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த ஹிரா சிங் தீர்ப்புக்கு அப்புறம் கலப்படத்தையும் சேர்த்துத்தான் எடை. 6 கிராம் பொட்டலத்துல சரக்கு அரை கிராம்தான்னாலும் 64ஏ கிடையாது. முத்திப்போனவர்தான் மொத்தமா வாங்கி வைப்பார், சிகிச்சை அதிகம் தேவைப்படுற அவருக்கே வழி இல்லை.

இன்னொண்ணு, இந்த சிகிச்சை வழியைச் சிலர் 'சீரமைப்பு நீதி' (restorative justice)ங்கறாங்க. எனக்கு ஒப்புதல் இல்லை. வீட்டாரை உட்கார வச்சு, யாருக்கு என்ன சேதம், எப்படி ஈடுகட்டுறதுன்னு பேசுற கட்டமே இந்த ரெண்டு பிரிவுலயும் கிடையாது. மையத்துல குடும்ப ஆலோசனை நடந்தா அந்தக் குறிப்பையும் மனுவோட இணைச்சுப் பாருங்க. சட்டம் கேட்கலை, ஆனா கொடுக்கத் தடையும் இல்லை.

புதுவக்கீல்: நன்றி சார். ஒப்புதல் வாக்குமூலத்தை நிறுத்திட்டு முதல்ல மருத்துவச் சான்றுக்கு அனுப்புறேன்.