காரைக்குடிப் பக்கம் செதுக்கத் தகுந்த கல் எது?

பள்ளத்தூர் வாசி:
பாட்டில் அடிக் கண்ணாடியில் அம்புமுனை செதுக்கப் பழகியாச்சு. இனி கல்லில் செய்யணும். இங்கே எங்கே பார்த்தாலும் செம்புராங்கல்லும் குன்றக்குடிப் பாறையும்தான். உள்ளூரில் எதாவது தேறுமா? வெளியே வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்கணும்?

கானாடுகாத்தான் கல்:
செம்புராங்கல்லை விட்டுடுங்க, அடித்தால் பொடிதான் மிஞ்சும். குன்றக்குடிப் பாறையும் ஆகாது. துகள் பெரிசு, அடித்த விசை ஒவ்வொரு துகளின் ஓரத்திலும் திசை மாறிவிடும்.

நமக்கு இருப்பது வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). பாறையில் வெள்ளை நரம்பாக ஓடும், கிணறு வெட்டிய மண்மேட்டிலும் கிடக்கும். நிலத்துக்காரரிடம் கேட்டு எடுங்க. பால் வெள்ளையைவிட வெளிச்சம் ஊடுருவும் கல் மேல். நனைத்துத் துடைச்சுப் பாருங்க: மேலே காய்ந்த பிறகும் விரிசலில் ஈரம் கோடாக நிற்கும். தட்டினால் கணீர்னு கேட்கணும். சொத்துன்னு கேட்டால் உள்ளே பிளவு.

இதில் உள்விரிசல் அதிகம், நீளச் சில்லு பாதியில் முறியும். அதனால் முட்டையளவு கல்லைக் கருங்கல் மேல் செங்குத்தாக நிறுத்தி, உச்சியில் நேர் அடி கொடுங்க. இரண்டு முனையிலிருந்தும் சில்லு பிரியும். பெரிய முனைக்கு ஆசைப்பட வேண்டாம், 2–3 செ.மீ. சிறு கருவிகளுக்கு இது அருமையான கல். தூத்துக்குடித் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) கிடைத்த நுண்கற்கருவிகளில் வெங்கச்சங்கல்லும் உண்டு.

திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு கல்லைக்கூடத் தொடாதீங்க. பழைய சில்லும் பானை ஓடும் கிடக்கும் காட்டிலும் அப்படித்தான்.

தேவகோட்டை ரஸ்தா:
வாங்குவதென்றால் குஜராத் அகேட், வெங்கச்சங்கல் இனத்து நுண்துகள் கல். ரத்தன்பூர்ச் சுரங்கக் கல், கம்பாத் ஊரில் பாசிமணி செய்பவர்களுக்குப் போவது. சாயம் ஏற்றியது, பாலிஷ் போட்டது வேண்டாம், சுரங்கத்திலிருந்து வந்தபடியே உள்ள கல்லாகக் கேளுங்க. முழு உருண்டைக்குள் படிகக் குழி இருக்கலாம், பிளந்த பாதிகளே நம்பகம். உடைத்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் நாணயம் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்க. மெழுகு போன்ற மினுப்பும் சிப்பி ஓடு போன்ற வளைவும் தெரியணும்.

மற்ற செதுக்குபவர்களோடு கல்லை மாற்றிக்கொள்ளும்போது எடைக்கு எடை பேசாதீங்க. தோல் சீவிய சில்லில் கழிவு குறைவு, உருண்டையைவிட மதிப்பு கூட. நீளம், தடிமன் சொல்லிப் பேசுங்க. பார்சலில் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, இடையில் தென்னை நார் அடைக்கணும். இல்லாவிட்டால் ஓரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பள்ளத்தூர் வாசி:
நன்றி அண்ணே. அகேட்டைச் சூடு போடணுமா? அழுத்திச் சில்லெடுக்க மான்கொம்பு தேடணுமா?

கானாடுகாத்தான் கல்:
மான்கொம்பு வேண்டவே வேண்டாம். தானாக உதிர்ந்ததைக்கூட வாங்குவதும் விற்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 4 மி.மீ. செம்புக்கம்பியை மரப்பிடியில் இறுக்கினால் போதும். முனை மழுங்கினால் அரத்தில் தீட்டிக்கலாம்.

சூடு போட்டால் அகேட் செதுக்க எளிதாகும், வெங்கச்சங்கல்லுக்குப் பெரிதாகப் பலன் இல்லை. 2 செ.மீ.க்கு மேல் தடிக்காத சில்லுகளை உலர்மணலில் புதைத்து, 100 டிகிரியில் ஒரு நாள் வைத்து ஈரம் போக்குங்க. பிறகு மணிக்கு 25 டிகிரி வீதம் 250 வரை ஏற்றி, 3 மணி நேரம் நிறுத்துங்க. அவசரப்பட்டால் உள்ளீரம் ஆவியாகி, வட்டமூடி போலச் சில்லு தெறிக்கும். அணைத்த பின் மணல் முழுக்க ஆறும்வரை திறக்காதீங்க. முதலில் இரண்டு சிறு சில்லில் சோதியுங்க.

செதுக்குவது எப்போதும் திறந்தவெளியில், என்95 முகமூடி, பாதுகாப்புக் கண்ணாடியோடு. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. சில்லுக்குப்பையைக் குழி தோண்டிப் புதைக்கும்போது புது நாணயம் ஒன்றையும் போடுங்க, பின்னால் தோண்டுகிறவர் பழங்காலத்துச் சில்லு என்று நினைத்துவிடாமல் இருக்கும்.